மர்யுன் என்றால் லென்ஸை மூடு

சாண்டோய் தீவில் காற்று ஓய்ந்திருக்கும் நாட்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
அப்படி ஒரு நாளில் சுன்னுவா
முக்காலியை மணலில் ஊன்றி
மூன்று கால்களையும் ஒருமுறை மிதித்துப் பார்த்து
கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கிறாள்.

தேய்த்த கண்ணாடியில்
கடல் மேலே, வானம் கீழே.
தபால்காரி மர்யுன் தலைகீழாக,
புல்லைக் கூரையாக்கி நிற்கிறாள்.
இந்த ஊரில் கூரையிலும் புல்தான்;
பெரிய வித்தியாசமில்லை.

எழுதி ஒட்டிய குறிப்பெல்லாம்
சுன்னுவாவுக்கு ஆகாது. மழை தின்றுவிடும்.
அவளிடம் இருப்பவை பெயர்கள்.
ஒவ்வொரு தவறுக்கும்
அதில் காணாமல் போனவரின் பெயர்.

மர்யுன் என்றால் லென்ஸை மூடு.
ஐந்து வருடம் முன்பு, அஞ்சலக ஜன்னலோரம்,
ஃபோகஸ் பார்க்கத் திறந்ததைத் திறந்தபடியே விட்டு
டார்க் ஸ்லைடை உருவினாள்.
கழுவி எடுத்தால் ஷீட் முழுக்கக் கரி.
ஒரு பொத்தான் அளவுக்குக்கூட மர்யுன் இல்லை.

ஒட்வோர் என்றால் துருத்தி.
ஒட்வோரின் பின்னல் ஊசிகளை
நெருங்கிப் போகப் போக
துருத்தி இரண்டு மடங்கு நீண்டது.
நெடுந்தூரம் நடக்கும் வெளிச்சம்
கூலி கூடக் கேட்கும்.
இரண்டு நொடி கொடுக்க வேண்டிய இடத்தில்
அரை நொடி கொடுத்தாள்.
கைகள் வந்தன, ஆறிய பாலின் ஆடைபோல.
ஊசி வரவில்லை.

குட்டி ரோயி என்றால் மூலை.
இருட்டில் விரல்நுனி சொல்ல வேண்டும்,
வெட்டுத்தடம் வலது மேல்மூலையில் இருந்தால்தான்
மருந்துப் பக்கம் உன்னைப் பார்க்கிறது என்று.
அன்றைக்கு விரல் விறைத்திருந்தது.
முதுகு காட்டி உட்கார்ந்த ஃபிலிமில்
ரோயியின் கன்னத்து மச்சம்
இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது,
அவனும்
ஏதோ மூடிய வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பவன்போல
மங்கலாக.

ஹொக்னி என்றால் கறுப்பு விளிம்பு வெளியே.
எடுத்து முடித்த ஷீட்டுக்கு ஸ்லைடைத் திருப்பிச் செருகு,
கறுப்பு தெரியட்டும்.
திருப்பவில்லை.
மறுநாள் அதே ஷீட்டின் மேல் ஒரு படகுக் கொட்டகை.
ஹொக்னி தூக்கிப் பிடித்த கிடாவின்
கொம்பிலிருந்து முளைத்தது தகரக் கூரை.
அவன் கேட்டு வாங்கித் தொழுவத்தில் மாட்டிவிட்டான்,
வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறான்,
‘என் கிடா வீடு கட்டிவிட்டது, பார்!’
எல்லோரும் நல்ல படம் என்கிறார்கள்.
சுன்னுவாவுக்குக் காது சிவந்துவிடும்.
தவறு தவறுதான்.

ஆளில்லாத தவறு ஒன்றும் உண்டு.
குளியலறையில் ஃபிலிம் ஏற்றிய இரவு
சலவை இயந்திரத்தின் பச்சைப் புள்ளி
துண்டுக்குப் பின்னாலிருந்து விழித்திருந்தது.
ஆறு ஷீட். ஆறிலும் மேகம்.
அதற்கு அந்த இயந்திரத்தின் கம்பெனிப் பெயர்;
அதை மட்டும்
வசவு மாதிரிதான் உச்சரிப்பாள்.

இப்போது
ஹோல்டரைச் செருகுகிறாள், ‘டக்’ என்று உட்காரும்வரை.
ஷட்டரைச் சுண்டிப் பார்க்கிறாள்.
லென்ஸின் வாயைச் சுருக்குகிறாள்.
மணி மாலை ஆறு, ஜூன் மாதம்,
இன்னும் ஆறு மணி நேரத்துக்கு
வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.
துணிக்கு வெளியே வந்து
கேபிளைப் பெருவிரலில் பிடித்து
வழக்கம்போலத் தொடங்குகிறாள்,
உரக்க:
ஒட்வோர். ரோயி. ஹொக்னி.
சலவை இயந்திரம், நாசமாய்ப் போக.
ஸ்லைடை உருவுகிறாள்.
கடைசியாக
மர்யுன்...

‘என்ன?’ என்று
திரும்பினாள் மர்யுன்,
சரியாக அந்த ஒரு நொடியில்.

லென்ஸ் மூடித்தான் இருந்தது, திறக்கும்வரை.
துருத்தி சரி. மூலை சரி.
கறுப்பு விளிம்பு வெளியே வரும்படி
ஸ்லைடைச் செருகும் சுன்னுவாவைப் பார்த்து
மர்யுன் கேட்கிறாள்,
‘ஏன் கூப்பிட்டாய்? முடிந்ததா?
எனக்கு ஏழு மணிக்குப் படகுத்துறையில் வேலை.’

ஹோல்டரின் மறுபக்கத்தில்
இன்னும் ஒரு ஷீட் இருக்கிறது.
திருப்பிச் செருகுகிறாள்.
இந்த முறை பெயர்கள்
பல்லுக்குப் பின்னால்.